அழையாமல் வந்த பலகை

மின்சாரக் கட்டணம் கட்ட நாளைதான் கடைசி நாள். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் வந்து உட்காருகிறீர்கள். பொத்தானை அமுக்குகிறீர்கள். அது சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்திருக்கிறது. உங்கள் பெயரைக் காட்டி, "பாஸ்வேர்டு?" என்று கேட்கிறது. தினமும் நடப்பதுதான்.

ஆனால் இன்றைக்குக் கூடவே இன்னொன்றும் வந்து நிற்கிறது. திரையின் கீழ்ப் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு விசைப்பலகையின் படம்! எழுத்துக்கள், எண்கள், ஷிஃப்ட், எண்டர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மேஜைமேல் நிஜமான விசைப்பலகை ஒன்று சௌக்கியமாகப் படுத்திருக்கும்போது, திரைக்குள்ளே இது எதற்கு? மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டுகிறீர்கள். போய்விடுகிறது. அப்பாடா என்று வேலையைப் பார்க்கிறீர்கள். மறுநாள் காலையில் மறுபடியும் ஆஜர்!

இந்தச் சங்கடம் உங்களில் சிலருக்கு நேர்ந்திருக்கும். நேராதவர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், ஆனாலும் இதைப் படித்து வையுங்கள். ஏனென்றால் அந்தப் பலகையால் உண்டாகும் தொல்லையைவிட, அதைக் கண்டு உண்டாகும் பயத்தால் விளையும் தொல்லைதான் பெரிது.

"யாரோ நம்முடைய கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டார்கள், நாம் தட்டும் ரகசியச் சொல்லைத் திருடத்தான் இதை வைத்திருக்கிறார்கள்" என்று முதலில் தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருட வருகிறவன் மேளம் கொட்டிக்கொண்டா வருவான்? நாம் தட்டுவதை ஒட்டுக் கேட்கும் திருட்டுப் புரோகிராம்கள் இருப்பது வாஸ்தவம். அவை திரையில் முகத்தைக் காட்டுவதே இல்லை. முகம் தெரிந்தால் அவற்றின் பிழைப்பு போச்சு! பாதித் திரையை அடைத்துக்கொண்டு பகிரங்கமாக நிற்கும் இந்தப் பலகை, விண்டோஸ் என்னும் ஏற்பாட்டோடு கூடவே பிறந்தது. 2001-ஆம் வருஷம் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் இது இருந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-லும் இருக்கிறது. இதற்கு ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு என்று பெயர். நாம் திரைப்பலகை என்று வைத்துக்கொள்வோம்.

பயத்தில் சிலர் என்ன செய்கிறார்கள், தெரியுமா? கைபேசியில் தேடி, முதலில் கண்ணில் பட்ட 'உதவி' நம்பருக்குப் போன் செய்கிறார்கள். அந்தப் பக்கத்தில் தேனொழுகப் பேசும் ஒருவர், "கவலைப்படாதீர்கள் மேடம், நான் இங்கிருந்தே உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கிறேன்" என்று ஒரு புரோகிராமை இறக்கச் சொல்கிறார். இறக்கினீர்களோ, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்த மாதிரிதான்! திரைப்பலகை திருடவில்லை, அதைத் துரத்த வந்தவர் திருடிக்கொண்டு போகிறார். மைக்ரோஸாஃப்ட் கம்பெனி தானாக யாரையும் போனில் கூப்பிட்டு "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு" என்று சொல்வதில்லை. தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் கொடுப்பதும் இல்லை. அப்படி யாரிடமாவது ஏமாந்து பணம் போய்விட்டால், நிமிஷம் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குச் சொல்லுங்கள். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

கூப்பிட்டது யார்?

"நான் கூப்பிடவே இல்லையே!" என்பீர்கள். வீட்டில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பல சமயம் கூப்பிட்டவர்களுக்கே அது தெரியாது.

நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே இரண்டு மூன்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று, விண்டோஸ் 11-ல், கையை விரித்துக்கொண்டு நிற்கும் மனித உருவம். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும். அதில் திரைப்பலகையும் ஒன்று. கம்ப்யூட்டரை அணைக்கப் போன குழந்தையின் கை பக்கத்துப் படத்தில் பட்டால் போதும். அல்லது, உள்ளே நுழைந்த பிறகு விண்டோஸ் படம் போட்ட கட்டை, கன்ட்ரோல் கட்டை, ஓ என்ற எழுத்து மூன்றும் சேர்ந்து அழுந்தினால் போதும். கம்ப்யூட்டரை அணைக்காமலேயே விசைப்பலகையைத் துணி போட்டு அழுத்தித் துடைக்கும் சுத்தக்காரர்கள் வீட்டில் உண்டல்லவா? அவர்களை விசாரியுங்கள்!

கூப்பிட்ட வழியிலேயே திருப்பி அனுப்பவும் செய்யலாம். அந்த மனித உருவத்தைத் தட்டி, பட்டியலில் திரைப்பலகைக்கு நேரே உள்ள சிறு சுவிட்சை அணையுங்கள். உள்ளே போன பிறகு செட்டிங்ஸைத் திறந்து, அக்ஸெஸிபிலிடி என்ற பகுதியில் கீபோர்டு என்பதைத் தட்டினால் அங்கேயும் அதே சுவிட்ச் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10-ல் அந்தப் பகுதிக்கு ஈஸ் ஆஃப் அக்ஸெஸ் என்று பெயர். இத்தோடு பலருக்குக் காரியம் முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையின் மீதி.

நங்கநல்லூர் விவகாரம்

என் தமக்கையின் பெண் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கல்லூரியில் கொடுத்த வேலையை முடித்தாக வேண்டும். கெட்டிக்காரப் பெண், திரைப்பலகையை வரவழைத்துக்கொண்டு, இடது கையால் மௌஸைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடித்துவிட்டாள். மாவுக்கட்டு பிரிந்தது. பலகை பிரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் வாசலிலேயே நிற்கிறது.

அந்த ஆறு வாரமும் அத்தான் வெளியூரில் இருந்தார். அவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. வந்தவர் பலகையைப் பார்த்தார், பதறினார், தெருமுனையில் உள்ள ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் உட்காரவும் இல்லை. நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வைரஸ் சார். ஃபார்மட் பண்ணிடணும். வேற வழியே இல்லை."

அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஃபார்மட்னா என்னடீ?"

"உள்ளே இருக்கிறதையெல்லாம் துடைச்சு எடுத்துட்டுப் புதுசாப் போடறது, அக்கா."

"எல்லாத்தையுமா? அப்பாவோட சஷ்டியப்தபூர்த்தி போட்டோவெல்லாம் அதிலேதானே இருக்கு!"

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. ஒரு சிறு பெட்டியில் யாரோ எப்போதோ போட்ட ஒரே ஒரு டிக் குறிக்காக, அவ்வளவையும் துடைத்துவிட இருந்தார்கள்!

கம்ப்யூட்டர் விற்பன்னர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. பொறுமையாக உட்கார்ந்து, "எப்போதிலிருந்து வருகிறது? அதற்கு முன்னால் யார் என்ன செய்தார்கள்?" என்று டாக்டரைப் போல் விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். விசாரிக்காமல் ஃபார்மட் என்று சொல்கிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். யார் வந்தாலும், வருவதற்கு முன்னால் படங்களுக்கும் முக்கியமான காகிதங்களுக்கும் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டை நீங்களே தட்டிக் கொடுங்கள். சீட்டில் எழுதி நீட்டாதீர்கள்.

போனிலேயே அக்கா பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். "செட்டிங்ஸில் அணைச்சுட்டேன் சித்தி, அப்படியும் வருது" என்றாள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டருக்கு வாசல் என்று ஒன்று உண்டு. வீடு என்று ஒன்று உண்டு. பாஸ்வேர்டு கேட்கும் திரை வாசல். அதைத் தாண்டினால் வருவது அவரவர் அறை. அறைக்குள்ளே நீங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு உங்களுக்கு மட்டும். வாசல் எல்லோருக்கும் பொது. ஆகையால் வாசலில் என்ன நிற்க வேண்டும் என்பதற்கு விண்டோஸ் தனியாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. அறையில் விளக்கை அணைத்தால் வாசல் விளக்கு அணையுமா?

வாசல் விளக்கின் சுவிட்ச் சற்று உள்ளடங்கிய இடத்தில் இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானைத் தட்டி, கண்ட்ரோல் பானல் என்று தேடித் திறவுங்கள். அதில் ஈஸ் ஆஃப் அக்ஸெஸ் சென்டர் என்ற பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும்.

'மௌஸோ கீபோர்டோ இல்லாமல் கம்ப்யூட்டரை உபயோகி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால், 'ஆன்-ஸ்கிரீன் கீபோர்டை உபயோகி' என்பதற்கு எதிரே ஒரு சிறு பெட்டி. அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, அப்ளை, ஓகே என்று தட்டுங்கள். இது அறை விளக்கு.

திரும்பி வந்து, இடது பக்க ஓரத்தில் 'சேஞ்ச் ஸைன்-இன் செட்டிங்ஸ்' என்ற வரியைத் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். திரைப்பலகைக்கு நேரே இரண்டு பெட்டிகள்: 'அட் ஸைன்-இன்' என்று ஒன்று, 'ஆஃப்டர் ஸைன்-இன்' என்று ஒன்று. நுழையும்போது, நுழைந்த பிறகு என்று அர்த்தம். நுழையும்போது என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். இதுதான் வாசல் விளக்கு! எல்லோருக்கும் பொதுவான வாசல் ஆனதால், இதை மாற்ற நிர்வாகி உரிமையுள்ள பெயரில் நுழைந்திருக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரானால் அங்குள்ள கம்ப்யூட்டர் இலாகாவிடம்தான் சொல்ல வேண்டும்.

மூன்று நிமிஷத்தில் நங்கநல்லூர்ப் பலகை மறைந்தது. சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் பிழைத்தன. கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

நாலு நாள் கழித்து அக்காவின் மாமியார் கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை என்பதை யாரோ கவனித்தார்கள். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. வலது கையில் நடுக்கம். நிஜமான விசைப்பலகையில் 'க' என்று ஓர் எழுத்தைத் தட்டப் போனால் மூன்று 'க' விழும். மேலும், அந்தக் கட்டைகளில் பொறித்திருப்பது இங்கிலீஷ் எழுத்து. எதைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

பேத்தி திரைப்பலகையில் தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் பாட்டி. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து முறையைச் சேர்த்து, பாஷையைத் தமிழுக்கு மாற்றினால், திரைப்பலகையின் கட்டைகளிலும் தமிழ் எழுத்தே தோன்றும். அதைக் கண்டுகொண்டார். அதோடு, அந்தப் பலகையில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு கட்டை இருக்கிறது. அதற்குள்ளே ஓர் ஏற்பாடு உண்டு: தட்டவே வேண்டாம், மௌஸின் அம்பை எழுத்தின்மேல் சற்று நேரம் நிறுத்தினால் எழுத்து தானே விழும். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதையும் கூட்டலாம், குறைக்கலாம். பலகையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கட்டைகள் பெரிதாகும். பேத்தி இதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறாள். மத்தியான வேளைகளில், வீடு அடங்கிக் கிடக்கும்போது, அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மாள்!

பலகை போனதும் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "எனக்கெதுக்கம்மா? நான் என்ன ஆபீஸுக்கா போறேன்?" என்றாராம்.

வீட்டுக்கு வீடு இப்படி ஓர் அம்மாள் இருக்கிறார் அல்லவா?

இதற்கும் அந்த இரண்டு பெட்டிகளில்தான் பரிகாரம் இருந்தது. பாட்டிக்குக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு பெயர் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெயரில் நுழைந்து, 'நுழைந்த பிறகு' என்ற பெட்டியில் மட்டும் டிக் போட்டார்கள். வாசலில் பலகை இல்லை. பாட்டியின் அறையில் இருக்கிறது. பாஸ்வேர்டு தட்டும்போது வேண்டுமானால் மூலையிலுள்ள மனித உருவத்தைத் தட்டி அவரே வரவழைத்துக்கொள்கிறார். கை நடுங்குகிறவர்களுக்கு ஃபில்டர் கீஸ் என்று இன்னோர் ஏற்பாடும் அதே அக்ஸெஸிபிலிடி பகுதியில் இருக்கிறது. ஒரே கட்டை அடுத்தடுத்து அழுந்தினால் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

யாருக்காகச் செய்தது?

இப்போது தெரிந்திருக்கும், இந்தப் பலகையை ஏன் வாசலிலேயே நிறுத்தும்படி ஏற்பாடு செய்தார்கள் என்று. கையால் தட்ட முடியாத ஒருவருக்கு அறைக்குள்ளே ஆயிரம் வசதி செய்து வைத்து என்ன பிரயோஜனம், பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே நுழையவே முடியாவிட்டால்?

விரலை அசைக்க முடியாதவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. பலகையிலுள்ள வரிசைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தாமே ஒளிரும். வேண்டிய வரிசை ஒளிரும்போது ஒரே ஒரு கட்டையை, அல்லது அதற்கென்று இணைத்த ஒரு பொத்தானை, அழுத்தினால் போதும். பிறகு அந்த வரிசையிலுள்ள எழுத்துக்கள் ஒளிர ஆரம்பிக்கும். ஸ்டீஃபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1963-ல், இருபத்தோரு வயதில், அவருக்கு நரம்பு நோய் கண்டது. 1985-ல் தொண்டையில் செய்த சிகிச்சையோடு பேச்சும் போயிற்று. பிற்காலத்தில் அவர் உபயோகித்ததும் திரையில் தோன்றும் பலகை ஒன்றைத்தான். வேறு கம்பெனிகள் அவருக்கென்று அமைத்தது. ஆனால் முறை இதே முறை. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய ஒரு சிறு கருவி அவருடைய கன்னத்தின் அசைவைக் கண்டுகொள்ளும். வேண்டிய இடத்துக்கு ஒளி வந்ததும் கன்னத்தை அசைப்பார், எழுத்து விழும். 2018-ல் காலமாகும் வரையில் சொற்பொழிவுகளையும் புத்தகங்களையும் இப்படித்தான் தயாரித்து வந்தார். நமக்கு இடைஞ்சலாகத் தோன்றும் சாமான், ஒரு கன்னத்தசைக்குப் பேச்சுக் கொடுத்திருக்கிறது!

நம் நாட்டிலும் இது கருணையோடு நிற்கும் சமாசாரமாக இல்லை. அன்றாட உபயோகத்துக்கான மின்னணுச் சாமான்கள் எல்லோரும் கையாளும்படி அமைய அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுகிறது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு தீர்ப்பாயிற்று. பாங்கிக் கணக்குக்காகக் காமிராவின் முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொன்னால், திராவக வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பெண்கள் எப்படிச் சிமிட்டுவார்கள் என்பது அந்த வழக்கில் எழுந்த கேள்விகளில் ஒன்று. இந்தக் காலத்தில் டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று கோர்ட் சொல்லிற்று.

இன்னொரு பலகை

சில வீடுகளில் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, "இன்னும் வருகிறதே!" என்பார்கள். வருவது அதே பலகைதானா என்று பாருங்கள். கட்டைகள் பெரிது பெரிதாக, சிரிக்கும் முகப் படங்களெல்லாம் காட்டிக்கொண்டு, கைபேசியில் வருவது போல் இருந்தால் அது வேறு ஆசாமி. டச் கீபோர்டு என்று பெயர். தொடுதிரையுள்ள மடிக் கம்ப்யூட்டர்களில் வரும். கம்ப்யூட்டர், "எனக்கு விசைப்பலகையே இல்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்ளும்போதும் வரும்.

ஆகவே முதலில் நிஜ விசைப்பலகையைக் கவனியுங்கள். வயரில்லாத ரகமானால் பாட்டரி தீர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டரில் செருகிய சிறு துண்டு தளர்ந்திருக்கலாம். குழந்தைகள் படம் வரைவதற்கு வாங்கிய மின்பலகை செருகியபடியே இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு, விண்டோஸ் 11-ல், செட்டிங்ஸுக்குள் டைம் அண்ட் லாங்வேஜ், அதற்குள் டைப்பிங், அதற்குள் டச் கீபோர்டு என்று போனால், எப்போது அதைக் காட்ட வேண்டும் என்று கேட்கும். 'நெவர்' என்றால் ஒருபோதும் வேண்டாம். அவ்வளவுதான்.

சில அண்ணாமார்கள் கை வைத்தியம் சொல்வார்கள். "அந்த டச் கீபோர்டுக்கு உண்டான சர்வீஸையே நிறுத்திவிடு" என்பது ஒன்று. நிறுத்தலாம், பலகை வராது. ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எழுத்து சம்பந்தமான வேறு வேலைகளும் அந்தச் சர்வீஸை நம்பியிருக்கின்றன. ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் தேடும் கட்டத்தில் நிஜ விசைப்பலகையால் தட்டினாலும் எழுத்து விழாமல் போகலாம். ரிஜிஸ்ட்ரிக்குள் போய் ஒரு ஒன்றைப் பூஜ்யமாக்கு என்பது மற்றொன்று. ரிஜிஸ்ட்ரி என்பது கம்ப்யூட்டரின் உக்கிராண அறை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் போகட்டும்.

ஜாக்கிரதைப்பட வேண்டிய இடம்

பலகை திருடனில்லை என்றேன். ஆனால் பாஸ்வேர்டைத் திரைப்பலகையில் தட்டும்போது முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேஜை விசைப்பலகையில் விரல் போன வேகம் பிறர் கண்ணுக்கு எட்டாது. திரையிலோ, பெரிய எழுத்தில், அம்பு ஒவ்வொன்றாகப் போய் நிற்பது கூடத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாங்கிகளின் இணையப் பக்கங்களில் சிலவற்றில் பாஸ்வேர்டு தட்ட ஒரு பலகை காட்டுவார்கள். அது பாங்கி செய்தது; ஒட்டுக் கேட்கும் புரோகிராம்களைக் கருதிச் செய்தது. அதைப் பார்த்துவிட்டு, விண்டோஸின் திரைப்பலகையும் அப்படிப்பட்ட காவல் என்று நினைத்து, பொதுக் கம்ப்யூட்டர்களில் அதை நம்பிப் பாங்கி வேலை செய்யாதீர்கள். இது அனுப்பும் எழுத்தும் சாதாரண விசைப்பலகை அனுப்புவது போலவேதான் உள்ளே போகிறது. ஒட்டுக் கேட்கிறவனுக்கு அதுவும் கேட்கும்.

ஒரே ஓர் அடையாளத்தைக் கண்டால் மட்டும் நிஜமாகவே கவலைப்படுங்கள். நுழைவுத் திரையின் மூலையிலுள்ள மனித உருவத்தைத் தட்டுகிறீர்கள். பட்டியலோ பலகையோ வரவில்லை. அதற்குப் பதிலாகக் கன்னங்கரேலென்று, வெள்ளை எழுத்து மின்னும் ஒரு ஜன்னல் திறக்கிறது. அப்படியானால் யாரோ உங்கள் கம்ப்யூட்டரில் கை வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவதற்காக அந்த இடத்தில் வேறு புரோகிராமை மாற்றி வைக்கும் தந்திரம் பழசு. அப்போது நம்பிக்கையான நிபுணரைக் கூப்பிடுங்கள். பாங்கிப் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

பலகைக்குச் சில பங்காளிகள் உண்டு. அவர்களும் சொல்லாமல் வருகிறவர்கள்தான். திடீரென்று ஒரு குரல் திரையிலுள்ளதையெல்லாம் உரக்க வாசிக்க ஆரம்பித்தால் பயந்துவிடாதீர்கள். அவர் நேரேட்டர், கண் தெரியாதவர்களுக்கு உதவ வந்தவர். விண்டோஸ் கட்டை, கன்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாயை மூடிக்கொள்வார். திரை பூதாகாரமாகப் பெருத்துவிட்டால் அது மாக்னிஃபையர்; விண்டோஸ் கட்டையோடு எஸ்கேப் கட்டையை அழுத்துங்கள். ஷிஃப்டை ஐந்து தரம் தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும். ஒரே விரலால் வேலை செய்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

கடைசியாக ஒரு சந்தர்ப்பம். சுடச்சுடக் காபியை விசைப்பலகையின்மேல் கவிழ்த்துவிட்டீர்கள். கட்டைகள் ஒன்றும் வேலை செய்யவில்லை. நுழைவுத் திரை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கிறது. பெண்ணின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கெடு சாயங்காலம் ஐந்து மணி. கையைப் பிசைய வேண்டாம். மௌஸை எடுத்து, வலது கீழ் மூலையிலுள்ள மனித உருவத்தைத் தட்டுங்கள். பட்டியலில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் தட்டுங்கள். நேற்று வரை நீங்கள் திட்டிக்கொண்டிருந்த அதே பலகை வந்து நிற்கும். பாஸ்வேர்டை மௌஸாலேயே தட்டுங்கள். கட்டைகளில் தமிழ் எழுத்துத் தெரிந்தால், மூலையிலுள்ள பாஷைக் குறியைத் தட்டி இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சரியான பாஸ்வேர்டையே தப்பு என்று சொல்லும். பெரிய எழுத்து வேண்டுமானால் பலகையிலுள்ள ஷிஃப்டை ஒரு தரம் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டுங்கள். அது ஒரே ஓர் எழுத்துக்குத்தான் செல்லும். அடுத்ததற்கு மறுபடியும் தட்ட வேண்டும்.